அக்கா ‘ஆம்’ சொன்ன கேள்வி

அமெரிக்காவில் குடியேற விண்ணப்பிப்பவர், பதினாறு வயதிலிருந்து தான் வாழ்ந்த எல்லா முகவரிகளையும் எழுத வேண்டும். அதற்காகத்தான் அக்கா என்னைக் கிள்ளானில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் யார் எந்த வீட்டுக்கு எந்த மாதம் மாறினார்கள் என்பது என்னுடைய நோட்டுப் புத்தகங்களில்தான் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸில் தொடங்கி ஏழு வீடுகள். நடுவில் மூன்று வருடம், அவள் கப்பலேறிப் போய்ப் படித்த மதராஸ் விடுதி.

அக்காவுக்கு எழுபத்து நான்கு வயது. அத்தான் காலமான பிறகு தனியாக இருக்கிறாள். ஒரு முறை குளியலறையில் விழுந்து, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் வந்து பார்க்கும்வரை அரை நாள் தரையிலேயே கிடந்தாள். அமெரிக்காவில் இருக்கும் ஒரே மகள் அதன் பிறகுதான் பிடிவாதமாக அம்மாவை அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள்.

நான் கணினியில் தட்டினேன். அக்கா ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தாள். மகள் கைப்பேசித் திரையில் இருந்தாள். போதைப்பொருள் கடத்தினீர்களா, ஆயுதம் கடத்தினீர்களா என்று வரிசையாக வந்த கேள்விகளுக்கெல்லாம் ‘இல்லை’ போட்டேன். அடுத்து, கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்பு உண்டா என்ற கேள்வி. அதற்கும் கை ‘இல்லை’ பக்கம் போனது.

“நில்லு தம்பி. அந்த மதராஸ் கவரைத் தொற.”

தேதி பார்ப்பதற்காக நான் கொண்டு போயிருந்த பழைய உறை அது. அவள் கடிதங்களுக்கு நடுவில் ரோஜா நிற அட்டை ஒன்று இருந்தது. கட்சியின் மாணவர் சங்க உறுப்பினர் அட்டை. படத்தில் அக்காவுக்கு இரட்டைப் பின்னல்.

“ஐயோ அம்மா, அதெல்லாம் யாரு பாக்கப் போறா? நோ போடுங்க லா!” என்றாள் மகள். “யெஸ் போட்டு விசா கிடைக்கலன்னா? மாமா, நீங்களாவது சொல்லுங்க.”

“எனக்கும் நோ போடறதுதான் நல்லதுன்னு படுது அக்கா. இந்தக் கார்டை நான் கொண்டு வந்திருக்கவே கூடாது.”

“நீயா? பல்லு விழுந்த தேதியக்கூட எழுதி வச்சிருக்கற ஆளு நீ.”

அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1947 மார்ச்சில் அமெரிக்க அரசு தன் ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்க உத்தரவிட்டது. 1948 ஜூனில் இங்கே கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. இளமையில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போனதற்காக அங்கே ஆசிரியர்களும் எழுத்தர்களும் வேலை இழந்தார்கள். 1952இல் அந்தப் பயம் அவர்களுடைய குடிநுழைவுச் சட்டத்தில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. 1989இல் நம் காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். 1991இல் சோவியத் நாடே இல்லாமல் போனது. யார் யாருக்கோ பயந்து எழுதப்பட்ட கேள்வி மட்டும் கடல் தாண்டி, கிள்ளானில் ஒரு சாப்பாட்டு மேசைக்கு வந்து, என் அக்காவிடம் பதில் கேட்டது.

“இந்தக் கேள்வி எனக்குப் புதுசில்ல,” என்றாள் அக்கா. “கவர்மெண்ட் வேலைக்குச் சேந்தப்ப ஒரு பாரத்துல இதே மாதிரி கேட்டாங்க. கம்யூனிஸ்ட்டுன்னு ஆளுங்களப் புடிச்சிட்டுப் போன காலம். அப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு. இல்லன்னு எழுதிட்டேன்.”

எனக்குத் தெரியாது. என் நோட்டில், அவள் வேலைக்குச் சேர்ந்த நாளும் முதல் நாள் உடுத்திய சேலையின் நிறமும் இருக்கின்றன. இது இல்லை.

“அப்புறம் முப்பது வருஷம் கவுண்டர்ல உக்காந்து, பாரத்த ஒழுங்கா எழுதிட்டு வாங்கன்னு ஊரையே திருப்பி அனுப்புனேன். ஒவ்வொரு தடவையும் என் பாரம் ஞாபகம் வரும்.”

மகள், “விழுந்தா யாரும்மா தூக்குவா?” என்று மட்டும் கேட்டாள்.

அக்கா திரையைத் தடவிக் கொடுத்தாள். சுட்டியை என் கையிலிருந்து வாங்கி ‘ஆம்’ என்பதை அழுத்தினாள். விளக்கம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது. கச்சிதமான ஆபீஸ் ஆங்கிலத்தில் எழுதினாள்: விடுதிச் சமையல்காரர்கள் நால்வரை வேலையிலிருந்து நீக்கினார்கள், அவர்களுக்காகச் சங்கத்தில் சேர்ந்தேன், நாடு திரும்பியதும் விலகினேன்.

மாதங்கள் கழித்துத் தூதரகத்தில் நேர்காணல். உள்ளே என்னை விடவில்லை. எதிரே பேருந்து நிறுத்தத்தில் குடையோடு காத்திருந்தேன். அக்கா கையில் ஒரு தாளோடு வந்தாள். இன்னும் சரிபார்க்க வேண்டுமாம்.

“அதைப் பத்திக் கேட்டாங்களா?”

“கேட்டான். சின்னப் பையன், நம்ம பொண்ண விடச் சின்னவன். படிச்சுப் பாத்துட்டு, அந்தச் சமையல்காரங்க என்ன ஆனாங்கன்னு கேட்டான்.”

ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த அட்டையைப் பத்திரப்படுத்தியவன் நான். ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை.

“என்ன ஆனாங்க?”

“மூணு பேர திரும்ப எடுத்தாங்க. வயசானவர எடுக்கல. பேச்ச விடு, பசிக்குது.”

பிரிக்பீல்ட்ஸில் போய்த் தோசை சாப்பிட்டோம். வாரங்கள் போயின. விசாவோடு பாஸ்போர்ட் வந்தது. அக்காவை விமானம் ஏற்றிவிட்டு வந்து, புறப்பட்ட நேரத்தை எழுதினேன். பிறகு பழைய நோட்டில் மதராஸ் பக்கத்தை எடுத்து, அடியில் சேர்த்தேன்: சமையல்காரர் நால்வர். மூவரைத் திரும்ப எடுத்தார்கள். வயதானவரை எடுக்கவில்லை.