குடத்தின் மூன்றாவது திருத்தம்

பொன்செல்விக்கு நாற்காலி கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினாறு வருடம் அவள் உட்கார்ந்து செய்த வேலை என்று ஒன்றும் கிடையாது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கணவன் வன்னியராஜோடு திருவனந்தபுரம் வந்து, கட்டடம் கட்டுகிற இடங்களில் இடுப்பில் தண்ணீர் சுமந்தாள். பிறகு நேமத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நின்றபடியே வாளிகளைப் பெட்டியில் அடுக்கினாள். தலைமுடி அளவு கீறலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதைப் பார்த்துத்தான் மேனேஜர் ஸ்ரீகண்டன் 2005இல் அவளைச் சரிபார்க்கிற மேஜைக்கு மாற்றினார்.

கம்பெனி அப்போது புதிதாக ஒரு குடம் போட இருந்தது. இடுப்பு பொருந்துவதற்கு ஒரு பக்கம் பள்ளம் வைத்த குடம். ஐ.டி. பூங்காவில் ஏசி அறையில் உட்கார்ந்து அனூப் என்ற வடிவமைப்பாளர் அதைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, சி.டி.யில் அனுப்பிவிட்டார். திரையில் சுழற்றிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள்.

“இது இடுப்புல நிக்காது சாரே,” என்று ஸ்ரீகண்டனிடம் சொன்னாள் பொன்செல்வி.

அவள் சொன்னது சரி. அனூப் பழைய குடத்தை மேஜைமேல் வைத்து அளந்து, பள்ளத்தை உயரத்தின் நட்டநடுவில் நேராக வைத்துவிட்டார். வீட்டுக்குள் குழாய் உள்ள மனிதருக்கு வேறெப்படித் தெரியும்? இடுப்பேறிய குடம் அப்படி நிமிர்ந்து நிற்காது. வாய் வெளியே சாயும், அடிப்பக்கம் இடுப்பெலும்பில் உட்காரும்.

அனூப்பிடம் திருத்தம் கேட்பதற்கு ஒரு படிவம் இருந்தது. எங்கே, என்ன, எவ்வளவு என்று மூன்று கட்டங்கள். முதல் முறை மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டாள்; திரும்பி வந்தது. இரண்டாம் முறை ‘கொஞ்சம் கீழே’ என்று எழுதினாள். கொஞ்சம் என்பதற்குக் கம்ப்யூட்டரில் பட்டன் இல்லை என்று பதில் வந்தது. அலுவலகமே சிரித்தது.

ஸ்ரீகண்டன் சிரிக்கவில்லை. “திங்களாழ்ச்ச இரும்பு அச்சு வெட்டத் தொடங்கும். இனியும் திரும்பி வந்தா நீ பழையபடி பேக்கிங்குக்குப் போயிரணும், கேட்டோ.”

சனிக்கிழமை விடிந்ததும் பொன்செல்வி தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு காலனிக் குழாயடிக்குப் போனாள். மகளின் முகப் பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். குடத்தை ஈரத்துணியால் துடைத்து, சுற்றிலும் பவுடரை அப்பினாள்.

“என்னட்டி, கொடத்துக்குப் பெண்ணுகாணலா? மாப்ள வீட்டுக்காரங்க வாராவளா?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்தி.

“ஆமாக்கா. ஒன் இடுப்பத்தான் மொதல்ல காட்டப்போறேன். தண்ணியப் பிடிச்சு இருவதடி நடந்துட்டு வா.”

நடந்து வந்தாள். இடுப்பு பட்ட இடத்தில் பவுடர் அழிந்திருந்தது. பொன்செல்வி அதன்மேல் செய்தித்தாளை ஒட்டிப் பிடித்து, அடிவிளிம்பையும் அழிந்த இடத்தையும் பென்சிலால் வரைந்துகொண்டாள். மறுபடி பவுடர், அடுத்த பெண். நெட்டை, குட்டை, பிள்ளைத்தாய்ச்சி என்று பதினொரு பேர். பதினொரு புடவையும் நாசமானது. ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை.

தையல் டேப்பால் அளந்து மூன்றாவது கட்டத்தை நிரப்பினாள்: அடியிலிருந்து அளந்தால் பள்ளத்தின் மையம் ஏழு அங்குலத்திலிருந்து நாலரைக்கு இறங்க வேண்டும், பள்ளம் ஒன்றேகால் அங்குலம் சாய வேண்டும். படிவத்தைத் தபாலுக்குக் கொடுக்காமல், தாள்களைச் சுருட்டிக்கொண்டு நேராக அனூப்பின் அலுவலகத்துக்கே பஸ் ஏறினாள்.

அனூப் பதினொரு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. பிறகு திரையில் பள்ளத்தைப் பிடித்துக் கீழே இழுத்துச் சாய்த்தார்.

“சேச்சி, இது மதியோ?”

“போதாது. இன்னும் ஒரு நூல் கீழ எறக்குங்க.”

“ஒரு நூல்?”

“எட்டுல ஒரு பங்கு அங்குலம். கொத்தனாருமாரு கணக்கு. இதுக்குப் பட்டன் உண்டுமா சாரே?”

அனூப் வாய்விட்டுச் சிரித்துவிட்டு இறக்கினார். திங்களன்று அந்த அளவில்தான் அச்சு வெட்டப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து முதல் குடம் வந்தபோது அனூப்பும் கம்பெனி முற்றத்துக்கு வந்திருந்தார். பொன்செல்வி விளிம்புவரை நீர் பிடித்து இடுப்பில் ஏற்றினாள். நாலடி நடந்தாள். பிறகு குடத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். பத்தடி போனாள், திரும்பினாள், இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பேக்கிங் பெண்கள் போட்ட கூச்சல் ரோடுவரை கேட்டது.

ஸ்ரீகண்டன் உள்ளே போய் அவளுடைய நாற்காலியைத் தானே தூக்கி வந்து முற்றத்தில் போட்டார்.

“இரி,” என்றார்.

“இருக்கேன் சாரே,” என்றாள் பொன்செல்வி. குடத்தோடு இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.