நிலவறையில் முன்னால் நடந்தவர்

தொண்ணூறுகளில் மொன்றியலிலிருந்து நானும் என் கணவரும் எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் சிலரோடு இத்தாலியின் உம்பிரியாப் பகுதிக்கு யாத்திரை போனோம். ஒரு பழைய துறவியர் மடத்தில் வழிகாட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் கணவர் நிலவறைப் படிகளில் இறங்குவதைக் கண்டேன். அதே கறுப்புக் கோட்டு, அதே சாய்ந்த தோள். நானும் பின்னால் இறங்கினேன்.

உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு. "இஞ்சாருங்கோ, மெதுவா போங்கோ" என்றேன். அவர் திரும்பவில்லை. ஆனால் நான் கிட்ட வரும்வரை நின்றுவிட்டு மறுபடி நடந்து, ஒரு வளைவைத் தாண்டினார். நானும் தாண்டப் போனேன்.

"இஞ்சாரும், அங்க தனிய என்ன செய்யிறீர்?"

என் கணவரின் குரல்தான். எனக்குப் பின்னால், படியின் உச்சியிலிருந்து கேட்டது.

நான் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் இறங்கி வந்து டோர்ச் அடித்தார். என் காலுக்கு முன்னால் தரை இல்லை. திருத்த வேலைக்காக மூடியைக் கழற்றியிருந்த ஆழமான கிணறு. அதற்கு அப்பால் வெறும் சுவர்.

"முன்னால போனது ஆர்?" என்று கேட்டேன்.

"நான் உம்மை மட்டும்தான் கண்டனான்."

இப்போது மெட்ரோ நெரிசலில்கூட நான் அவருடைய முதுகைப் பார்த்துப் பின்தொடர்வதில்லை. கூப்பிடுவேன். அவர் திரும்பி முகத்தைக் காட்டிய பிறகுதான் அடியெடுத்து வைப்பேன்.

- ஒரு வாசகி, மொன்றியல்