வலது ஷூவுக்குள் வெங்காயப் பெட்டி

"...அப்ப இந்த மூண்டு கிழமையும் நீங்கள் வெங்காயப் பெட்டிக்கு மேலதான் நடந்து திரிஞ்சனீங்களோ?" என்று பிசியோ அக்கா கேட்டபோது என் வலது ஷூ அவர் கையில் தலைகீழாகத் தொங்கியது. மழைத் தண்ணீர் சொட்டியது. குதிகால் பக்கத்திலிருந்து ஊறிப்போன அட்டை ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. அதில் அச்சடித்த வெங்காயத்தின் படம் யாருக்கும் புரிகிற மாதிரித் தெளிவாகத் தெரிந்தது.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ பகுதியில் தன் வீட்டு கராஜையே சிகிச்சை அறையாக மாற்றி வைத்திருந்தார். தமிழர் வீடல்லவா, கராஜ் ஆனாலும் ஷூ வெளியே படியில்தான். வெறுங்காலோடுதான் எனக்கு நடைப் பயிற்சி தருவார். அதனால் என் ஷூவுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அன்று நல்ல வெயிலில் போனேன். ஆக்லாந்து வெயிலை நம்பி யாரும் துணி காயப்போட மாட்டார்கள். நான் ஷூவைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். மழை வந்தது. நனைகிறதே என்று இரக்கப்பட்டு எடுத்தவர் கையில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஒன்பது வயதில் தொடை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டதில் எலும்புத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டன. அதிலிருந்து என் இடது கால் நாலு சென்டிமீட்டர் குட்டை. முப்பது வருடம் நொண்டினேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட முதலிலேயே போய் உட்கார்ந்துகொண்டவன் நான். இங்கே நியூசிலாந்துக்கு வந்தபிறகு ஆபரேஷன் செய்து, தொடைக்குள் ஒரு கம்பியை வைத்து, தினமும் வெளியிலிருந்து காந்தக் கருவியைப் பிடித்து, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று நீட்டினார்கள். "பாத்துங்க, புடலங்காய் மாதிரி விட்டா வளந்துகிட்டே போகும், கல்லு கட்டணும்" என்பாள் என் மனைவி. எலும்பு கெட்டியாகும்வரை மாதக்கணக்கில் ஊன்றுகோல். அதன்பிறகுதான் அக்கா.

"எலும்பை டொக்டர் நீட்டிப்போட்டார் தம்பி. நடையை ஆரும் கத்தியால வெட்டித் தர ஏலாது" என்றார் முதல் நாளே. நான் மனிதர்கள் சொல்வதைப் பொறுக்கிச் சேர்க்கிற ஆள். அதை அப்படியே மனதில் முடிந்துகொண்டேன். அடுத்து அவர் சொன்னதைத்தான் முடிந்துகொள்ளப் பிடிக்கவில்லை: "இந்த மூண்டு மாசத்துக்குள்ள இடுப்புச் சதை பலக்கவேணும். இல்லாட்டி கால் ரெண்டும் சமனா இருந்தும் ஆயுளுக்கும் இதே நொண்டல்தான்."

ஊன்றுகோலை விட்டு இரண்டு காலில் நின்ற அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. இடது கால் நீளம். ஏதோ படியில் ஒரு காலை வைத்து நிற்கிற மாதிரி இருந்தது. டாக்டர் கை தவறிக் கூடுதலாக நீட்டிவிட்டார் என்று முடிவே செய்துவிட்டேன். அக்காவிடம் சொன்னேன். படுக்கவைத்து, இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால்வரை டேப் பிடித்து, "ரெண்டும் ஒண்டு" என்றார். "முப்பது வருசம் சரிஞ்சிருந்த இடுப்பு. அதுக்கு நேரா நிண்டாத்தான் சரிவு மாதிரித் தெரியும்." நானோ அவர் சொன்னதைக் கேட்கவில்லை, டேப்பை எங்கே பிடித்தார், கட்டைவிரலை எங்கே நகர்த்தினார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தையல் டேப்பை எடுத்து மனைவியை அளக்கச் சொன்னேன். மூன்று தடவைக்கு மூன்று கணக்கு. "ஏங்க, என் கல்யாண ஜாக்கெட்டுக்குக்கூட இத்தனை தடவை அளக்கலைங்க" என்று டேப்பை என் மேலேயே போட்டுவிட்டுப் போனாள்.

ஒரு நாள் அக்கா டாக்டரோடு போனில் பேசிச் சிரித்தார். என்னைப் பற்றித்தான். வேலியும் வேலியும் கூடிப் பேசினால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்? இன்னொரு நாள் என் இடுப்பின் இரண்டு பக்கமும் சட்டைமேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, கண்ணாடி முன் நிறுத்தினார். பொட்டு இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. இருக்காதா பின்னே, ஒட்டியவரே அவர்தானே!

அப்போது புக்கெகோஹி என்ற ஊரில் நான் வேலை பார்த்த காய்கறி பேக் செய்யும் கொட்டகையில், காய் ஓடும் பெல்ட் பக்கம் நிற்க முடியாததால், உட்கார்ந்து பெட்டி மடிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் அட்டை மலை. குதிகால் அளவுக்கு ஒன்று வெட்டி வலது ஷூவில் வைத்துப் பார்த்தேன். சுகமாக இருந்தது. இன்னொன்று. மொத்தம் நாலு அடுக்கு ஆனபோது பூமி சமமாகிவிட்டது. நினைத்தது சரிதான் என்று நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று வாரம் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

என் நடை திருந்துவதற்குப் பதில் பின்னோக்கிப் போனது. இப்போது சந்தேகப்படுவது அக்காவின் முறை. மனைவிக்குப் போன் போட்டார்: "பிள்ளை, இவர் வீட்டில பயிற்சி செய்யிறாரோ, டீவிக்கு முன்னால படுத்துக் கிடக்கிறாரோ?"

"செய்றாருக்கா. நான்தான் எண்ணுறேன்."

"ஓம், ஓம். பெண்சாதி சாட்சி கோட்டிலயே எடுபடாது" என்று வைத்துவிட்டாராம். உண்மையில் ஒரு நாள்கூடத் தவறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கி இறக்கியவன் நான். காலையில் அரை மணி நேரம் சேர்த்த பலத்தை நாள் முழுக்க அட்டைமேல் நடந்து கரைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று அதே கொட்டகையில் எட்டு மணி நேரம் நின்று வெங்காயம் தரம் பிரிக்கிறேன். புதிதாக வந்த பையன்களுக்கு நான் நொண்டியவன் என்பதே தெரியாது. ஆனாலும் கிளென்ஃபீல்ட் மாலில் கடைக் கண்ணாடிகளைக் கடக்கும்போது கண் ஓரமாக என் தோளைப் பார்க்கிறேன். எந்தப் பக்கமாவது இறங்குகிறதா? பழகிய சந்தேகம் பழகிய நொண்டலைவிட மெதுவாகத்தான் போகும் போலிருக்கிறது.

அன்று ஷூவைப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்ட கேள்விக்கு, மனதில் இருந்ததைக் கொட்டித் தீர்த்தேன். டாக்டர் கூடுதலாக நீட்டிவிட்டார், நீங்கள் அதை மறைக்கிறீர்கள், டேப்பை இழுத்துப் பிடிக்கிறீர்கள், பொட்டைக்கூடப் பார்த்துத்தான் ஒட்டினீர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பேசப் பேச என் காதுக்கே அசிங்கமாக இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அக்கா ஷூவுக்குள் விரலை விட்டு அட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். மேல் அட்டைதான் ஊறியிருந்தது, மற்ற மூன்றும் காய்ந்தே இருந்தன.

"நானும் உங்களைக் கள்ளன் எண்டுதான் நினைச்சனான். பயிற்சிக் கள்ளன்" என்றார். "நான் சொன்னாலும் நம்பமாட்டீங்கள், கண்ணாடி சொன்னாலும் நம்பமாட்டீங்கள். இங்கயே நிண்டு நான் நடக்கிறதைப் பாருங்கோ."

அக்காவின் கால் இரண்டும் சமம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவர் அந்த அட்டைகளைத் தன் வலது செருப்பில் குதிகாலுக்கடியில் அடுக்கி, காலை நுழைத்து, தூறலில் இறங்கி, வாசல் தபால்பெட்டியை நோக்கி நடந்தார். இடது தோள் இறங்கியது. இடுப்பு வெட்டியது. முப்பது வருடமாக நான் நடந்தும் ஒரு தடவைகூடப் பார்த்திராத என் நடை, குடையில்லாமல் எனக்கு முன்னால் போனது. எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி குப்பைத் தொட்டியை நிறுத்திவிட்டு, காலில் என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டார். அக்கா அவருக்குக் கையை மட்டும் ஆட்டிவிட்டு, தபால்பெட்டியைத் தொட்டுத் திரும்பி, என் முகத்தையே பார்த்தபடி, நொண்டிக்கொண்டே வந்தார்.