செலோவின் இரண்டாவது சாட்சி

அல்கைரென் ஊருக்கு வந்து கொன்சுவெலோ வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. செலோ என்று அவளுடைய செல்லப் பெயரைச் சொன்னாலும் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘தட்டு பார்த்தவள்’ என்று சொல்லிப் பாருங்கள், பேருந்து ஓட்டுநரே வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பறக்கும் தட்டைத்தான் சொல்கிறார்கள். பழக்கிடங்கில் பீச் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவதில் அவளுக்கு இருபத்தெட்டு வருடப் பழக்கம். அதையெல்லாம் ஊர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஒரு விடியற்காலையில் அரை நிமிடம் வானத்தைப் பார்த்தாள், ஆயுளுக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது.

கிண்டலுக்குக் குறைவில்லை. பழம் ஓடும் பட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கும் தோஞி, சீசனுக்கு நாலு தடவையாவது ஆரம்பிப்பாள்.

“ஏன்டி செலோ, உன்னைப் பொண்ணு பாக்க மேலேருந்து யாரும் எறங்கலையா இன்னும்?”

செலோ கையை நிறுத்தாமலே பதில் சொல்வாள். “எறங்கினாங்க. உன் மூஞ்சியப் பாத்துட்டு வண்டியத் திருப்பிட்டாங்க.”

பெண்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அப்படிச் சிரிக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவள் தனியாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஹினெஸ் இருந்தான். பைத்தியம் என்று சொல்பவன் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஹினெஸ் இன்றைக்குச் சொட்டுநீர்க் குழாயும் பம்பும் விற்கும் கடைக்காரன். தொண்ணூற்றாறில் கிடங்குக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போதே ஊரின் பறக்கும் தட்டு ஆய்வுச் சங்கத்துக்குத் தலைவன். ஐந்து உறுப்பினர், ஒரு பழைய தொலைநோக்கி, பாரின் பின்னறையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம், இவ்வளவுதான் சங்கம். ஆனால் சட்டதிட்டத்தில் கறார். ஒரே காட்சியை இரண்டு பேர் பார்த்தால், அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தனித்தனியாக எழுதி, கவரில் போட்டு ஒட்டி, தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் பிரித்துப் படிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் பதிவேட்டில் ஏறும். தலைவரே இரண்டு பேரில் ஒருவராக இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் அந்த அறிவாளிகள் யாருக்கும் தோன்றவில்லை.

அது ஆப்ரிகாட் பறிக்கும் ஜூன் மாதம். செலோவின் வீடு ஊருக்கு வெளியே இருந்ததால் வேன் முதலில் அவளைத்தான் ஏற்றிக்கொள்ளும். வழியில் இஞ்சின் புகைந்தது. ஹினெஸ் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டான். செலோ இறங்கி நின்றாள். அப்போது குன்றுக்கு மேலே ஒரு வெளிச்சம் நின்றது. பிறகு போய்விட்டது.

“ஹினெஸ், பாத்தியா?” என்று அவள் கத்தினாள்.

அவன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். விரலை உதட்டில் வைத்தான்.

“ஒரு வார்த்தை பேசாத. வீட்டுக்குப் போய் எழுது.”

பார்க்காதவன் எதற்கு எழுதச் சொல்லப்போகிறான்? அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று இரவே இரண்டு பக்கம் எழுதி ஒட்டிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதற்குள் விஷயம் பிளாஸ் காதுக்குப் போயிற்று. அவன் காஸ்தெயோன் பக்கம் ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அக்டோபரில் அவனுக்கும் செலோவுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. அவன் தாயார் பறக்கும் தட்டு மருமகள் வேண்டாம் என்று சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ் மோசமானவன் இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஏதோ தெரிந்தது என்று அம்மா முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடு, போதும் என்று கெஞ்சினான். செலோவும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அந்த வாரம் இரண்டு ஷிப்ட் சேர்த்து வேலை செய்திருந்தாள். நின்றுகொண்டே தூங்கினாலும் தூங்கியிருப்பாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டு கவரையும் பிரித்தார்கள். நேரம், திசை, நிறம், குன்றின் பெயர் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தன. ஐந்து பேரும் எழுந்து கை தட்டினார்கள். ஒருவன் அழுதான். அதற்குப் பிறகு தூக்கக் கலக்கம் என்று அவள் எப்படிச் சொல்வாள்? சொன்னால் ஹினெஸையும் பொய்யனாக்கின மாதிரி ஆகும். பிளாஸிடம் முடியாது என்று சொன்னாள். அவன் ஓட்டுத் தொழிற்சாலைக்கே திரும்பிப் போய் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். இப்போது அவனுக்குப் பேரன்கூட இருக்கிறான்.

சங்கம் வளர்ந்தது. வானொலிக்காரர்கள் வந்தார்கள். சரகோசாவில் பெரிய மாநாட்டுக்கு ஹினெஸைப் பேச அழைத்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் அவன் கதையில் புதிதாக ஏதாவது சேரும். முதலில் மூன்று ஜன்னல்கள் வந்தன. அடுத்த வருடம் தேனீக்கூடு மாதிரி ஒரு ரீங்காரம். அப்புறம் முகத்தில் அடித்த வெப்பம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செலோவிடம் “இல்லையா செலோ?” என்று கேட்பான். அவள் ஆமாம் என்று தலையாட்டுவாள். தான் திகைத்து நின்றபோது அவன் கவனித்திருப்பான் என்று நினைத்தாள். போகப்போக அவள் காதிலும் அந்த ரீங்காரம் கேட்டது.

ஒரே ஒரு தடவை நெருடியது. செலோ வெளியூரிலிருந்து வந்தவள், அப்போது ஊருக்குப் புதிது. வெளிச்சம் நின்றது சான் ரோக்கே குன்றின் மேல் என்று எழுதியிருந்தாள். ஒரு மாதம் கழித்துத்தான் அதன் பெயர் கழுதைக் குன்று என்றும், சான் ரோக்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்றும் தெரிந்தது. பதறிப்போய் ஹினெஸிடம் மட்டும் சொன்னாள். இப்போது திருத்தினால் இரண்டு பேரும் உளறியதாக ஆகிவிடும், விட்டுவிடு என்றான். விட்டுவிட்டாள். கழுதைக் குன்றின் அடிவாரத்திலேயே பிறந்து ஆடு மேய்த்தவன் எப்படி அந்தப் பெயரைத் தப்பாக எழுதினான் என்று கேட்கவில்லை. நம்பிக்கை வைத்த ஆளிடம் யார் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்? ஒவ்வொரு ஜூனிலும் சங்கத்தார் ரொட்டியும் ஒயினும் கட்டிக்கொண்டு சம்பந்தமே இல்லாத சான் ரோக்கே குன்றில் ஏறி மரியாதை செய்துவிட்டு வந்தார்கள். அவளும் கூடவே ஏறினாள்.

இரண்டு வருடத்துக்கு முன் நெரேயா என்ற பெண் வலென்சியாவிலிருந்து எட்டுப் பேரோடு வந்து இறங்கினாள். விண்வெளிக் கப்பலுக்காகக் காத்திருக்கும் ஒரு சிற்றூர்ச் சங்கத்தைப் பற்றிப் படம் எடுக்கிறாளாம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. நடிகர்கள் வேண்டாம், நம்புகிறவர்களே நடிக்கட்டும் என்றாள். செலோவுக்கு ரோசா என்ற பாத்திரம், ஹினெஸுக்குத் தலைவர் பாத்திரம். முழுக் கதையை யாருக்கும் காட்ட மாட்டேன், அவரவர் பக்கங்களை மட்டும் தருவேன், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். சங்கத்தாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தங்கள் சட்டத்தை மதிக்கிற ஒரு கலைஞரை அன்றுதான் பார்த்தார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஊர்க் கலையரங்கில் படம் போட்டார்கள். செலோ முடியைச் சுருட்டிவிட்டு, நீலச் சட்டை போட்டு, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் தோஞி, இன்னொரு பக்கம் ஹினெஸின் காலி நாற்காலி. அவன் பின்னால் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தான்.

படம் நன்றாகவே போயிற்று. தன் முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஊர் சிரித்த இடங்களில் கெட்ட சிரிப்பு இல்லை. பிறகு திரையில் ஹினெஸ் தன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். கேமராவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான்.

“நான் எதையும் பாக்கல. தலைய இஞ்சினுக்குள்ள விட்டிருந்தேன். நிமிந்தா, அந்தப் பொம்பள வாயப் பொளந்துட்டு நிக்கிறா. வானத்துல ஒண்ணுமில்ல. அவ குடுத்த கவரைக் கொதிக்கிற கெட்டில் மேல காட்டினேன், பசை விட்டுடுச்சு. படிச்சு அப்படியே எழுதினேன்.”

தோஞி செலோவின் தொடையில் தட்டினாள். “எப்படி நடிக்கிறான் பாருடி இந்த மனுஷன்.”

செலோவும் சிரித்தாள். நெரேயா நன்றாகத்தான் கற்பனை செய்திருக்கிறாள் என்று நினைத்தாள். திரையில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தான்.

“மலையோட பேரைக்கூடத் தப்பா எழுதியிருந்தா, பாவம். அதையும் அப்படியே எழுதினேன்.”

அது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். செலோவின் சிரித்த வாய் சிரித்தபடியே நின்றது.

விளக்கு போட்டதும் நெரேயா மேடையேறிப் பேசினாள். அந்தக் காட்சிக்குத் தான் வசனமே எழுதவில்லையாம். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாளாம், அவர் அங்கேயே கற்பனை செய்து சொன்னாராம், இப்படி ஒரு நடிகர் பம்ப் விற்றுக்கொண்டிருப்பது நாட்டுக்கே நஷ்டமாம். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. ஹினெஸ் குனிந்து குனிந்து வணங்கினான். செலோவையும் மேடைக்கு இழுத்துப்போய்ப் பூங்கொத்து கொடுத்தார்கள். போட்டோவுக்கு ஹினெஸ் அவள் தோளில் கை போட்டான். அவள் அதைத் தட்டிவிடவில்லை. முன்னூறு பேர் முன்னால் எப்படித் தட்டிவிடுவது?

ஞாயிற்றுக்கிழமை பகலில் கடைக்குப் போனாள். கதவு பாதி இறக்கியிருந்தது. ஹினெஸ் உள்ளே ஒரு பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் நாற்காலியைத் தேடவில்லை.

“ஊருக்கே சொல்லிட்ட. எங்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரல, இல்ல?”

அவன் முதலில் அது நடிப்புதான் என்று மழுப்பப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் அதைக் கைவிட்டான். சங்கம் மூடுகிற நிலையில் இருந்தது, அதுவும் ஒரு காரணம் என்றான். அதோடு அவள் அந்த ரோட்டில் தனியாக நின்றது பாவமாக இருந்தது, ஒரு துணைக்கு இருக்கட்டுமே என்றுதான் எழுதினான் என்றான்.

“பிளாஸ் கேட்டப்ப நான் இல்லேன்னு சொல்ல இருந்தேன். உன் கவர் பிரிச்ச பிறகுதான் சொல்லல. தெரியுமா உனக்கு?”

“அவன் ஒரு மாட்டுப்பய. அவன் போனதும் நல்லதுக்குத்தான் செலோ.”

“அதை நான் சொல்லணும். நீ சொல்லக் கூடாது.”

ஹினெஸ் ஒரு திருகாணியை எடுத்து வைத்தான், மறுபடி எடுத்தான். செலோவுக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமலே போய்விடலாம் என்றும் தோன்றியது. கேட்டாள்.

“சரி, நீ பாக்கல. நான் பாத்தேன்னாவது நம்பினியா? இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது?”

அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

“நீயும் சும்மா சொல்றேன்னுதானே நான் நெனச்சிட்டிருந்தேன். ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் ஆடுறோம்னு. நான் மூணு ஜன்னல்னு அடிச்சு விட்டப்ப நீ ஆமான்னு தலையாட்டல? இல்லாத ஜன்னலுக்கு ஆமா போட்டவ, மத்ததையும் அப்படித்தான் சொல்லியிருப்பான்னு…”

“நீ பாத்தேன்னு சொன்னதால ஆமா போட்டேன். பாவி, உன்னை நம்பித்தானே ஆமா போட்டேன்.”

பிறகு ஹினெஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து அவள் முன்னால் வந்து நின்றான். அவன் குரல் இறங்கியிருந்தது.

“இப்பக் கேக்கறேன். கேமரா இல்ல, சங்கம் இல்ல. அன்னிக்கு நெஜமாவே என்ன பாத்த?”

இருபத்தேழு வருடத்தில் அவன் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. எத்தனையோ மேடையில், ரேடியோவில், படத்தில் சொன்ன கதை. செலோ வாயைத் திறந்தாள். ஜன்னல் அவனுடையது, அதை விட்டாள். ரீங்காரம் அவனுடையது, அதையும் விட்டாள். வெப்பம்? அதுவும் அவன்தான். வெளிச்சம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது என்று சொல்ல வந்தாள். அது தான் எழுதியதா, சரகோசாவில் அவன் பேசியதா என்று தெரியவில்லை. மேலே எழும்பிப் போனதா, அப்படியே அணைந்ததா? கண்ணை மூடிப் பார்த்தாள். அவன் சொல்லித்தந்த படம் மட்டும் பளிச்சென்று வந்து நின்றது.

“ஒரு வெளிச்சம்” என்றாள்.

“அப்புறம்?”

“அப்புறம் எல்லாமே நீ சொன்னதுதான் வருது ஹினெஸ். நான் பாத்தது எனக்குக் கிடைக்க மாட்டேங்குது.”

பிளாஸ் போனபோதுகூட அழாதவள், குழாய்ச் சுருள்களுக்கு நடுவே நின்றபடி அழுதாள். ஹினெஸ் கையில் இருந்த துணியை நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை.