'அடையவில்லை' என்று குறிக்கப்பட்ட மாணவி

சில மழைக்காலங்களுக்கு முன், ஊரப்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மின்சாரப் பாதுகாப்புப் பாடத்துக்குக் குறிப்பு எழுதும்போது, 'மாணவர்கள் மின்சாரத்தின் ஆபத்தைப் புரிந்துகொள்வார்கள்' என்று நோக்கம் எழுதியிருந்தேன். பாடக் குறிப்புகளைச் சரிபார்க்கும் ஒருங்கிணைப்பாளர் மேடம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"புரிஞ்சுதா இல்லையான்னு எப்படி அளப்பீங்க மிஸ்? கண்ணால பார்க்கிற மாதிரி ஒண்ணு எழுதுங்க."

'தெரிந்துகொள்வார்கள்' என்று மாற்றினேன். அதுவும் திரும்பி வந்தது. தெரிவதற்கும் புரிவதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தேன். கடைசியில், 'அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் நின்று, பின்வாங்கி, மற்றவர்களை எச்சரிப்பதைச் செய்து காட்டுவார்கள்' என்று எழுதியதும் ஒப்புதல் கிடைத்தது.

வகுப்பில் ஸ்கிப்பிங் கயிற்றைத் தரையில் போட்டு, அதுதான் கம்பி என்றேன். பிள்ளைகள் உற்சாகமாகச் செய்து காட்டினார்கள். ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்தபடி நின்றாள். எவ்வளவோ கேட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மதிப்பீட்டுத் தாளில் நோக்கத்தை அவள் 'அடையவில்லை' என்று பெயருக்கு நேரே குறித்தேன்.

அடுத்து வந்த பெருமழையில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். திறந்த அன்று அந்தப் பெண்ணோடு அவள் அப்பாவும் வந்தார். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை செய்பவர்.

"அந்த மழையில இவள கூட்டிகினு முழங்கால் தண்ணியில வண்டிய தள்ளிகினு போனேன் மிஸ். மரம் சாஞ்சு கம்பி அறுந்து கெடந்தத நான் பாக்கல. இவதான் சட்டைய புடிச்சு பின்னாடி இழுத்தா. எதுக்க வந்தவங்களையும் கத்தியே நிறுத்திட்டா. அந்தத் தண்ணியில ஒரு நாய் செத்துக் கெடந்துது மிஸ்."

அவளிடம், "அன்னிக்கு கிளாஸ்ல ஏம்மா ஒண்ணுமே செய்யல?" என்று கேட்டேன்.

"அது ஸ்கிப்பிங் கயிறுதானே மிஸ்" என்றாள், மெதுவாக.

மேடம் விடாப்பிடியாக மாற்றச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் செயல்முறையே வகுப்பில் நடந்திருக்காது. ஆனால், அதில் தேறாதவள் என்று நான் முடிவுகட்டியதும் இவளைத்தான்.

இப்போதும் கண்ணால் பார்க்கக்கூடிய நோக்கங்களைத்தான் எழுதுகிறேன். பேசாமல் நிற்கும் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே எதைக் குறிப்பது என்பதில் மட்டும் அன்று வந்த குழப்பம் இன்னும் தீரவில்லை, தீர வேண்டாம் என்றும் தோன்றுகிறது.