சாமி மூட்டை நழுவிய அன்று

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்தபோது எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னத்தைச் சொல்லியிருப்போம்? ஊரார் எங்களைக் குருவிக்காரர் என்பார்கள், நரிக்குறவர் என்பார்கள். எங்களுக்குள் நாங்கள் வாக்ரி. திருப்பதி அடிவாரத்தில் பாசிமணி விற்போம், பிச்சாட்டூரில் ஆற்றோரம் கூடாரம் போடுவோம், ஊத்துக்கோட்டைக்கு அப்பால் பெண் கொடுப்போம். நிலம் கிடையாது, கோயில் கிடையாது. இருந்தது ஒரு சாமி மூட்டைதான்.

பாட்டன் முப்பாட்டன் காலத்து ஆத்தாளின் வெள்ளி உருவமும், பலி ரத்தம் காய்ந்த துணிகளும் அதற்குள் இருந்தன. அப்பா மட்டும்தான் தூக்குவார். வெளியாள் தொடக்கூடாது, பெண்கள் கைபடவே கூடாது. தீட்டுப்பட்டால் பூசை இல்லை. பூசை இல்லாத குடும்பத்தில் யாரும் சம்பந்தம் வைக்க மாட்டார்கள். வயதுக்கு வந்ததிலிருந்து நான் அதற்குப் பயந்து ஒதுங்கியே நடந்தேன்.

அந்த வருஷப் பூசை ஊத்துக்கோட்டைக்கு அந்தண்டை. எனக்குப் பேசி வைத்திருந்த பையனின் வீட்டாரும் அங்கே வந்திருந்தார்கள். நாங்கள் காலங்காலமாக நடந்த ரோட்டின் குறுக்கே புதிதாக ஒரு கம்பு கிடந்தது. சோதனைச் சாவடியாம்! அங்கிருந்த காவல்காரர் எங்கள் சட்டிபானையைக் கொட்டிப் பார்த்துவிட்டு அப்பாவின் தலைமேல் இருந்த சாமி மூட்டையைப் பார்த்தார்.

"அந்த மூட்டையில ஏமிரா? அரிசி கடத்திக்கினு போறியா?"

"வேணாம் சாமி. அதுல எங்க ஆத்தா கீறா."

"எந்த ஸ்டேட்டுடா நீ?"

"மரத்தடிதான் சாமி."

அப்பா கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த ஆளுக்கு ரோஷம் வந்து அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தார். மூட்டை நழுவியது. கீழே முழுக்கச் சேறு. நான் யோசிக்கவே இல்லை, இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அது அவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். அந்த அலறலில் காவல்காரரே மிரண்டு, "போங்க, போய்த் தொலைங்க" என்று கம்பைத் தூக்கிவிட்டார்.

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் மூட்டையை வாங்கிக்கொண்டார். வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை. அப்பா மறைத்தால் ஆத்தாள் விட மாட்டாள், சொன்னால் பையன் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். எது நடந்தாலும் என்னால்தான்.

மறைக்க வழியே இல்லாமல் போயிற்று. அம்மா பூசைக் கூடாரத்துக்குள் நுழைந்ததும் அழுது ஒப்பித்துவிட்டாள். "பொண்ணு தொட்ட மூட்டைக்கு ஏது பூசை?" என்று பையனின் பெரியப்பா துண்டை உதறி எழுந்தார்.

அப்பா எங்கள் பாஷையில் நிதானமாகச் சொன்னார்: "இவ தொடல. சேத்துல விழ மனசில்லாம ஆத்தாதான் இவ கையில வந்து உக்காந்தா. அவ எங்க உக்காரணும்னு நீ சொல்லுவியா?"

பெரியப்பா உதறிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பலி ஆட்டைக் கொண்டுவரச் சொன்னார். பூசை முடிகிறவரை நான் மூட்டைப் பக்கமே போகவில்லை.

திரும்பி வரும்போது தூரத்தில் அந்தக் கம்பு தெரிந்தது. மூட்டையோடு முன்னால் போன அப்பா நின்றார். எப்போதும்போல் அதற்குப் பயந்து பின்தங்கியிருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "கிட்டவே வா" என்றார்.