கண்ணாடிப் பெட்டியில் நிற்காத ஏழு படி

பஞ்சவர்ணத்துக்குப் பாம்பு என்றால் உயிர்ப் பயம். குத்தம்பாக்கம் இருளர் பண்பாட்டு மையத்தில் இதைவிடப் பெரிய ரகசியம் வேறு கிடையாது. இருளர் என்றாலே பாம்பு பிடிக்கிறவர்கள் என்ற நினைப்பில், வருகிறவர்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றும்போதே, "பாம்பு எங்கே வச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். அவளும் முகம் மாறாமல், "அதுங்களுக்கு இன்னிக்கு லீவு சார்" என்று சொல்லி உள்ளே அழைத்துப் போவாள்.

மையம் என்றதும் மாளிகையை நினைக்க வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம், பக்கத்தில் மூலிகைத் தோட்டம், டீ போட ஒரு கொட்டகை. சுற்றுவட்டத்து இருளர் குடியிருப்புகள் பதினொன்றும் சேர்ந்து அறக்கட்டளை வைத்து நடத்துகிற இடம். தங்கள் பாட்டையும் மருந்தையும் சாமியையும் பற்றித் தாங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும், யாரோ வந்து படம் பிடித்துப் போய்ச் சொல்லக் கூடாது என்பதற்காக ஆரம்பித்தது.

பஞ்சவர்ணம் அங்கே வந்து சேர்ந்தது விளக்குமாற்றோடு. அதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சைக் கேட்க ஆட்கள் மிஷினை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள் என்று மேஸ்திரி அவளை மாடி மாடியாக மாற்றினார். நான்காவது மாடிக்கு மேல் மாடி இல்லாததால் வேலையை விட்டு நிறுத்தினார். அறக்கட்டளைத் தலைவர் மனோகரன், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டிப் பெருக்க அவளை அழைத்து வந்தார். ஒருநாள் வழிகாட்டிப் பையனுக்குக் காய்ச்சல். வந்த கூட்டத்திடம் பஞ்சவர்ணம் கையில் விளக்குமாற்றோடு பேச ஆரம்பித்தாள். அரை மணி நேரத்துக்கு என்று வந்தவர்கள் இருட்டும் வரை போகவில்லை. பையனும் பிறகு வேறு வேலைக்குப் போய்விட, மூன்று மாதமாக அவள்தான் வழிகாட்டி. தற்காலிகமாக.

அந்தத் "தற்காலிகமாக"தான் இப்போது அவளை முள்ளாகக் குத்தியது. நூம்பல் அடுக்குமாடியில் குடியிருக்கும் நிவேதிதா, ஐ.டி. கம்பெனிக்காரி, சனி ஞாயிறுகளில் வந்து மையத்துக்கு உதவுகிற பெண், ஒரு யோசனை சொல்லியிருந்தாள். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி. பொத்தானை அமுக்கினால் பதிவு செய்த குரல் எல்லாவற்றையும் சொல்லும்.

"அக்கா, உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா நேத்து ஒண்ணு சொல்றீங்க, இன்னிக்கு வேற ஒண்ணு சொல்றீங்க. அந்தத் தேன் எடுக்கற கதையில போன வாரம் உங்க மாமா மரத்துல இருந்து விழுந்தார். இந்த வாரம் விழவே இல்லை."

"போன வாரம் வந்தவங்க சோகமா இருந்தாங்க கண்ணு. சிரிக்கட்டும்னு தள்ளி உட்டேன்."

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை புதுக் கூடம் திறப்பு. நூம்பல் குடியிருப்போர் சங்கத்திலிருந்து முப்பது பேர் வருகிறார்கள். அன்றைக்கு அவள் எப்படி நடத்துகிறாள் என்று பார்த்துவிட்டு, பஞ்சவர்ணமா கருவியா என்று அறக்கட்டளை முடிவு செய்யும். கருவி என்றால் அவள் மறுபடி விளக்குமாற்றுக்கு. வேலை போகாது, வாய் போய்விடும். பஞ்சவர்ணத்துக்கு அது வேலை போவதைவிட மோசம்.

புதுக் கூடத்தின் நடுநாயகம் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மணலில் ஏழு படி. மாசி மகத்துக்கு இருளர் சனம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடும். புடவை சுற்றிக் கட்டிய குடிலில் தங்கி, விடியும் வேளையில் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூ வைத்து, கற்பூரம் ஏற்றிக் கடலில் இருக்கும் குலசாமி கன்னியம்மாவைக் கூப்பிடுவார்கள். அப்புறம் அலை வந்து படியைக் கரைத்துக்கொண்டு போகும். அம்மா தண்ணீருக்குத் திரும்பிவிட்டாள் என்று அர்த்தம். பெட்டிக்குள் மணல் சரியாமல் இருக்க நிவேதிதா தச்சுப் பசையைக் கலந்து மூன்று வாரம் பாடுபட்டுக் கட்டியிருந்தாள்.

"சாமியை அடைச்சு வைக்கலாமா அண்ணாத்தே?" என்று பஞ்சவர்ணம் அப்போதே மனோகரனிடம் கேட்டிருந்தாள்.

"கற்பூரம் ஏத்துற வரைக்கும் அது வெறும் மணலு. ஏத்துனாத்தான் அம்மா. பொம்மைன்னு நெனைச்சுக்க."

ஞாயிறு காலை முதல் ஆளாக வந்தாள் பஞ்சவர்ணம். கூடத்தைத் துடைத்தாள். பெட்டியின் மேல்மூடியைத் திறந்து தூசி தட்டினாள். திறப்புக்கு வாங்கிய சாமந்தி பக்கத்திலேயே இருந்தது. படிக்கு ஒன்றாக வைத்தாள். அழகாகத்தான் இருந்தது. முந்தானை முடிச்சில் எப்போதும் கிடக்கும் கற்பூரமும், அடுப்பு பற்றவைக்க இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியும் எப்போது கைக்கு வந்தன என்று அவளுக்கே தெரியாது. நாற்பது வருடப் பழக்கம். ஏழு படியையும் பூவையும் பார்த்த கை, அவளைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது. சுடர் எழுந்தது. "தாயே கன்னியம்மா, வந்து நில்லு" என்று வாய் கூப்பிட்டும் விட்டது.

அப்புறம்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மனோகரன் உள்ளே நுழைந்தவர், புகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னாமே செஞ்சுட்ட?"

"கூப்ட்டேன் அண்ணாத்தே. வந்துட்டா."

"ஐயையோ. அனுப்பணுமே! கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்ட முடியாதே!"

பின்னாலேயே வந்த நிவேதிதாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. "மூணு வாரம் அக்கா" என்றாள், அழாத குறையாக. "இன்னும் அரை மணி நேரத்துல எல்லாரும் வந்துடுவாங்க. சாயந்தரம் அனுப்பக் கூடாதா?"

பஞ்சவர்ணம் பெட்டியைப் பார்த்தாள். பெட்டி காலியானால் இன்றைக்குக் காட்ட என்ன இருக்கிறது? வாயும் போச்சு, வழிகாட்டி வேலையும் போச்சு. ஆனாலும் கூப்பிட்டவள் அவள்தான். "வந்தவளை நிக்க வச்சுட்டு நான் இன்னா கதை சொல்றது கண்ணு? ஒரு கை பிடி."

மூவருமாக அடியிலிருந்த தகரத் தட்டோடு படிகளைத் தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். பஞ்சவர்ணம் கும்பிட்டு ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் வழிந்து ஓடியது. படி அப்படியே நின்றது. இரண்டாவது குடம். சாமந்தி மட்டும் மிதந்தது.

"இன்னா பசைம்மா போட்ட?" என்றார் மனோகரன்.

"நல்ல பசைதான் சார்" என்றாள் நிவேதிதா, தலை குனிந்து.

வேன் வந்து நின்றது. முப்பது பேர் இறங்கினார்கள். சங்கத் தலைவர் சுப்பராயன், வங்கியில் மேலாளராக இருந்தவர், முன்னால் வந்தார். "வணக்கம்மா. பாம்பு எங்கே வச்சிருக்கீங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். கதை திரிப்பதில்தான் அவளை மிஞ்ச ஆளில்லையே. ஆனால் அன்று அவளுக்குத் திரிக்க மனம் வரவில்லை. நனைந்த புடவையோடு நின்று நடந்ததை நடந்தபடி சொன்னாள்: மாசி மகம், ஏழு படி, கை செய்த காரியம், கரையாத பசை. "எங்க அம்மா ஊட்டுக்குப் போவணும்னு நிக்கிறா சார். கதவு தொறக்க மாட்டேங்குது. அதான் உங்களை உள்ள கூப்புட முடியலை."

சுப்பராயன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "தச்சுப் பசைக்கு வெந்நீர்தான்மா சரி. எங்க வீட்டு அலமாரியைப் பிரிச்ச அனுபவம்."

"சாமிக்கு வெந்நீரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் மனோகரனைப் பார்த்தார்கள். அவர் தாடையைச் சொறிந்தார். "தை மாசக் குளுரு. வெதுவெதுன்னு ஊத்துனா அம்மா ஒண்ணும் கோச்சுக்க மாட்டா."

டீ போட வைத்திருந்த அண்டா அடுப்பில் ஏறியது. கொட்டகையிலிருந்து முற்றம் வரை முப்பது பேரும் வரிசையாக நின்றார்கள். செம்பு, குவளை, யாரோ கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல், எல்லாம் கைமாறின. நிவேதிதா ஒவ்வொரு படியாகக் கரைவதைப் பார்த்து முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலாவது படிக்கு அவளே குவளையைப் பிடுங்கி ஊற்றினாள். பஞ்சவர்ணம் நடுவில் நின்று கடற்கரையில் பாடும் பாட்டைப் பாடினாள். பாட்டுக்கு நடுநடுவே, "அந்தக் குவளைக்காரரே, குவளையைப் பிடிச்சுகினு தூங்காதீங்க!" என்று அதட்டினாள். ஏழாவது படியும் கரைந்து உட்கார்ந்தபோது கை தட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் எல்லோரும் இரண்டையும் செய்தார்கள்.

கரைந்த மணலை ஏரியில் சேர்க்க வேண்டும். பஞ்சவர்ணத்தின் கணவன் டில்லிபாபு குமணன்சாவடிக்கும் திருமழிசைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மனைவி பேசுவதைப் பார்க்க வண்டியை ஓரமாக விட்டு வந்திருந்தான். வாளிகளையும் ஆட்களையும் ஏற்றி மூன்று நடை அடித்தான்.

"செம்பரம்பாக்கத்துல உட்டா கடலுக்கு எப்படிம்மா போகும்?" என்று கேட்டார் சுப்பராயன்.

"ஏரி நெறைஞ்சா அடையாறு, அடையாறு போனா கடலு. எங்கம்மாவுக்கு வழி தெரியும் சார்."

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி மணலைக் கவிழ்த்தாள். கும்பிட்டு நிமிர்ந்தபோது ஒரு தண்ணீர்ப் பாம்பு, விரல் பருமன்தான் இருக்கும், தலையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி நீந்தியது. அடுத்த நொடி பஞ்சவர்ணம் ஷேர் ஆட்டோவின் சீட் மேல் நின்றுகொண்டிருந்தாள். எப்படிப் போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. அலறல் மட்டும் குத்தம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

டில்லிபாபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சார், நீங்க கேட்டீங்களே! லீவு முடிஞ்சு வேலைக்கு வந்துடுச்சு!"

"யோவ், வாயை மூடிகினு வண்டியை எடு!"

மதியம் அறக்கட்டளை கூடியது. கூட்டம் அதிக நேரம் நடக்கவில்லை. கருவி வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நிவேதிதா. "எதைப் பதிவு பண்றது சார்? இன்னிக்கு நடந்ததை எந்தப் பொத்தான்ல போடறது?" என்றாள். பெட்டி காலியாகவே இருக்கட்டும். ஒவ்வொரு ஞாயிறும் வருகிறவர்கள் முற்றத்தில் வெறும் மணலில் படி கட்டிப் பார்த்து, போகும்போது தாங்களே கரைத்துவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். "தற்காலிக" என்று பதிவேட்டில் அவள் பெயருக்கு முன்னால் இருந்த சொல்லை மனோகரன் தன் பேனாவாலேயே அடித்தார்.

இப்போது போனால் நீங்களும் பார்க்கலாம். நடுக் கூடத்தில் காலிக் கண்ணாடிப் பெட்டி, அதில் நிவேதிதா கையெழுத்தில் ஒரு சீட்டு: "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள். முற்றத்துக்கு வாருங்கள்." முற்றத்தில் பஞ்சவர்ணம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலைக் குழைத்துக்கொண்டிருப்பாள். அன்றைய கதையை வாரத்துக்கு ஒரு விதமாகச் சொல்கிறாள். போன வாரம் அந்தத் தண்ணீர்ப் பாம்பு ஆறடி நீளம் வளர்ந்திருந்தது. தீப்பெட்டி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இடுப்பில் கிடையாது. காலையிலேயே வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார் மனோகரன்.